குளிர் வரிசை

டிராக்டர் வரப்போரத்தில் நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் மாட்டியிருந்த கலப்பையில் பழைய மண் காய்ந்து ஒட்டியிருந்தது. டிராக்டர்காரர் இருக்கையில் சாய்ந்தபடி, வரிசையில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூளக்கா, செத்ததைச் சுரண்டிக்கிட்டே இருந்தா எழுந்து உட்காருமா?"

"உனக்கென்ன அவசரம்? பக்கத்து வயலை ஓட்டு."

"ஓட்டியாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். செடிகளின் தண்டுகள் முழங்கால் உயரத்தில் வெட்டி விடப்பட்டிருந்தன. ஒன்றைப் பிடித்து வளைத்தாள். அடுப்புக் குச்சிபோல மொடுக்கென்று முறிந்தது. உள்ளே சாம்பல் நிறம். அதைக் கீழே போட்டுவிட்டு, தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தை விரலால் விலக்கினாள். மண் இன்னும் சில்லென்றிருந்தது. நகக்கண் வலித்தது.

நர்சரியில் எல்லோரும் அவளைத் தூளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு செம்பருத்தியின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு செம்பருத்தியில் வைப்பது அவள் வேலை. மாலையில், மறுநாள் விரியவிருக்கும் மொட்டைப் பிரித்து, அதன் சொந்தத் தூள் முதிருமுன் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்க வேண்டும். காலையில், வேறு செடியின் தூளைக் கொண்டுவந்து நடுத்தண்டின் நுனியில் இருக்கும் ஐந்து பொட்டுகளிலும் ஒற்ற வேண்டும். பிறகு காம்பில் ஒரு நூல். கோடை முழுக்க அவள் விரல்களும் சட்டைக் கையும் மஞ்சளாகவே இருக்கும்.

வீட்டுக்குள் வளர்க்கும் செம்பருத்திக்கு நிறம் உண்டு, குளிர் ஆகாது. சதுப்பில் வளரும் காட்டுச் செம்பருத்தி பனியில் தண்டோடு பட்டுப்போய், மறுபடி வேரிலிருந்து கிளம்பும். அதன் பூ வெளுத்துக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து, தோட்டத்தில் வெட்டவெளியில் நிற்கும் ஒரு செடியை உண்டாக்கத்தான் டாக்டரம்மா வந்திருந்தாள். செடி டாக்டர். தூளக்காவைவிட வயதில் சிறியவள். நாற்றுகள் போன கோடையில் பூத்தபோது, ஒன்று மட்டும் எல்லோரையும் நிற்க வைத்தது. இலை கத்தரிக்காய் நிறம். பூ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், அடர்சிவப்பு. வேலையாட்கள் அதைக் கறுப்பி என்றார்கள்.

பூத்தால் போதாது. குளிரைத் தாண்ட வேண்டும். எல்லாவற்றையும் மூடாமல், போர்த்தாமல் வெளியில் ஒரு வரிசையாக விட்டார்கள். அதுதான் குளிர் வரிசை. கறுப்பியின் கிளையிலிருந்து வேர்விட வைத்த சில குச்சிகளை, வெயிலே படாத குளிர்கிடங்குச் சுவருக்குப் பின்னால் நடச் சொன்னாள் டாக்டரம்மா. "அங்க பிழைச்சா எங்கயும் பிழைக்கும்" என்றாள். குளிர் வந்தது. குழாய்கள் வெடிக்கிற அளவுக்கு வந்தது. சுவரோரத்துக் குச்சிகளைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். குளிர் வரிசையில் ஒன்றும் தேறவில்லை என்றால் நிலம் முழுவதும் புல்தரை போடப்படும். புல்லுக்குத் தூள் வைக்க ஆள் வேண்டாம். வேலை போனால், சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருக்கும் கம்பெனி அறைகளில் அவளுடைய அறையும் போகும். பக்கத்து அறை ஏற்கனவே பூட்டிக் கிடந்தது. அவர்கள் விட்டுப்போன துடைப்பம் இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது.

சூப்பர்வைசர் பூட்ஸ் காலோடு வரப்பில் வந்தார்.

"முதலாளி திங்கட்கிழமை வர்றாரு. அவர் பார்த்த பிறகு ஓட்டிக்கலாம். வண்டியை எடு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? டீசல் உங்க வீட்டுதா?" என்று டிராக்டர்காரர் வண்டியைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அதைப் பார்த்தாள். கறுப்பியின் அடியில், ஈர மண்ணுக்குள், கிளிமூக்குபோல ஒரு சிவப்பு முளை. முதலில் சரளைக்கல் என்று நினைத்தாள். விரலால் தொட்டாள். அசையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். குனிந்து பார்த்தாள். அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் தூளக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மற்ற செடிகளில் ஒரு அசைவும் இல்லை. அதைப் பற்றி அப்போது இருவரும் நினைக்கவில்லை.

சாயங்காலம் அறைக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவன் கண்ணாடிக் கூடங்களுக்குச் சூடு ஏற்றும் கொதிகலனில் கரி தள்ளுகிறவன். கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காலில் பாதி இறங்கிய காலுறையோடு கை நின்றது.

"கறுப்பியா?"

"கறுப்பியேதான்."

"மத்தது எதுவும் வரலையா?"

"வரும். இதுவே போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டா."

அவன் காலுறையை மறுபடி மேலே இழுத்துக்கொண்டான்.

"என்னங்க? வாயில கொழுக்கட்டையா?"

"நான் அதுக்குச் சாம்பல் போட்டேன்."

"என்ன?"

"அந்தப் பெரிய குளிர்ல. சாம்பல் வண்டியைத் தள்ளிக்கிட்டு அந்த வழியாத்தானே போறேன். இளஞ்சூடா இருந்துச்சு. சாயங்காலமானா அதோட அடியில நாலு தட்டு தட்டுவேன். குளிர் விட்டதும் நானே வாரிட்டேன். மிச்சம் மழையில கரைஞ்சிருக்கும்."

அவள் சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்களை யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் தூக்கத்துலகூட கறுப்பி கறுப்பின்னு பொலம்பின. எனக்கே கை விறைக்குது, அது மொட்டையா நிக்குதேன்னு..."

"சாகுதா பிழைக்குதான்னு பார்க்கத்தாங்க நிக்க வெச்சிருக்கு!"

"எனக்கென்ன தெரியும்? ஆசையா வளர்த்ததைச் சாகுதான்னு பார்க்க யாராவது வெளியில விடுவாங்களா?"

பக்கத்து அறையின் பூட்டு காற்றில் தட்டியது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு. முளைச்சது முளைச்சதுதான். பேசாம இருந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க சாம்பல் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போவீங்களா?"

"அடுத்த குளிருக்குள்ள நமக்கு வேற இடம் கிடைச்சிராதா?" என்றான்.

"போன தடவை கிடைச்ச இடம் ஞாபகமிருக்கா? கூரையில ஒழுகினது வெளியில பெஞ்ச மழையைவிட அதிகம்."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். சட்டியில் மிச்சம் இருந்தது.

காலையில், சூப்பர்வைசர் வருமுன், டாக்டரம்மாவைத் தேடிப் போனாள். கவிழ்த்து வைத்த தொட்டி ஒன்றில் டாக்டரம்மா உட்கார்ந்து விதைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தூளக்கா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சாம்பல் என்ற சொல் வந்ததும் டாக்டரம்மாவின் விரல்கள் நின்றன.

"முதலாளிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்கா."

"தெரியும்."

"அவர் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பாரு."

"ம்."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

டாக்டரம்மா விதைத் தட்டை மூடினாள். கோபம் முகத்தில் ஏறி, இறங்கியது. இது போனால் அவளுக்கும் வேறு வேலை இல்லை. தொட்டியின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சுவருக்குப் பின்னாடி வெச்சோமே."

"அங்க அவர் வண்டி போகாது" என்றாள் தூளக்கா.

வழியில் கொதிகலன் கொட்டகை. கணவன் கரிப்படிந்த முகத்தோடு வெளியே வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, மண்வாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

குளிர்கிடங்கின் பின்பக்கம் பாசி வாசனை அடித்தது. அங்கே வெயில் விழுந்த தடமே இல்லை. சுவரில் தண்ணீர் கசிந்த கோடு. மண்ணில் சில குச்சிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

"நான் தோண்டவா?" என்றான் அவன்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கமா நில்லுங்க" என்றாள் டாக்டரம்மா.

அவன் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதல் குச்சி இழுத்ததும் வந்துவிட்டது. அடியில் வேர் கூழாக இருந்தது. அடுத்ததைத் தூளக்கா நகத்தால் கீறினாள். தோலுக்கடியில் பழுப்பு. இன்னும் கீழே கீறினாள். அங்கும் பழுப்பு. டாக்டரம்மா அடுத்ததற்கு நகர்ந்தாள். மண் இறுகியிருந்தது. இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, கோழிபோலக் கிளறினார்கள். தண்டின் அடி வந்தது. தூளக்கா கீறினாள்.

வெள்ளை. கீறிய இடம் மெல்ல ஈரமானது.

"இன்னொரு தடவை கீறுங்க" என்றாள் டாக்டரம்மா.

"வேண்டாம்மா, வலிக்கும் அதுக்கு."

மண்ணை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். வேரோடு ஒட்டிக்கொண்டு, குன்றிமணி அளவில், சிவப்பாக ஒரு முளை. அதற்கடுத்த குச்சியிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு.

டாக்டரம்மா ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்ததில் முகமெல்லாம் சேறு. தூளக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"டாக்டரம்மா" என்றான் அவன், கட்டிய கையைப் பிரிக்காமல். "இதுக்கு நான் ஒண்ணுமே போடல. சத்தியமா."

திங்கட்கிழமை முதலாளி வந்தார். செருப்பில் சேறு படாமலிருக்கப் பலகை போட்டிருந்தார்கள். டாக்டரம்மா அவரைக் குளிர் வரிசைக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகச் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போனாள். மூடாமல், வெயிலில்லாமல், இளம் வேரோடு நின்று பிழைத்தது என்றாள். வரிசையில் முளைத்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"அப்போ புல்லு வேண்டாம்" என்றார்.

சூப்பர்வைசர் டிராக்டர்காரருக்குக் கை காட்டினார். டிராக்டர் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. தூளக்கா அதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் அவளும் கணவனும் பக்கத்து அறை வாசலிலிருந்த துடைப்பத்தை எடுத்து, இரண்டு வாசலையும் பெருக்கினார்கள்.

கோடையில் கறுப்பிகள் பூத்தன. கிளைகளை வெட்டி, வேர்விட வைத்து, கண்ணாடிக் கூடம் ஒன்று முழுக்க நிரப்பினார்கள். புதிதாகப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பூட்டிக் கிடந்த அறையில் ஒரு குடும்பம் குடிவந்து, முதல் நாளே தூளக்காவிடம் தீப்பெட்டி கேட்டது. செடிக்கு முதலாளி தன் மருமகளின் பெயரை வைத்தார். அதைப் பதிவு செய்தாகிவிட்டது, இனி வெளியில் யாரும் அதை வளர்த்து விற்க முடியாது என்று சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். ஒரு குச்சி, ஒரு விதை, ஒரு இலை வெளியே போகக் கூடாது. போனால் வேலையும் போகும், அறையும் போகும்.

மறுநாள் மாலை நர்சரி வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் புதுக் குழாய். காவலாளி ஒவ்வொருவர் பையையும் கவிழ்த்தார். சாப்பாட்டுப் பாத்திரங்கள் மேசையில் உருண்டன. வரிசை மெதுவாக நகர்ந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. வேலை இருந்தது.

"நீயுமா என்னைச் சோதிக்கிற?" என்றாள் தூளக்கா.

"என் பொண்டாட்டி இங்க வேலை செஞ்சா அவளையும் சோதிக்கணும்க்கா. கையை விரி."

விரித்தாள். உள்ளங்கை, ரேகைகள், நகக்கண் எல்லாம் மஞ்சள்.

"கழுவிட்டு வா. தூளும் வெளியில போகக் கூடாதாம்."

"தூளை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணப்போறேன்? பல்லா தேய்க்கப்போறேன்?"

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். காவலாளியும் சிரித்தார். குழாயைக் காட்டினார். அவள் போய்க் கழுவினாள். தூள் சுலபத்தில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அப்போது உள்ளேயிருந்து முதலாளியின் கார் வந்தது. "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று காவலாளி ஓடிப்போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்தார். வரிசை சுவரோடு ஒட்டி நின்றது. கண்காட்சிக்குப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பின் இருக்கையில் பூத்த கறுப்பித் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. சாயாமலிருக்க அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்கள்.

கார் சாலையில் ஏறியது. கட்டை இறங்கியது. தூளக்கா ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றாள். காவலாளி அவற்றைத் திருப்பிப் பார்த்தார்.

"நகத்தில இன்னும் இருக்குக்கா" என்றார்.