கஞ்சி போட்ட ஒயர்

நெசவாளர் சுப்பராயலு தன் சின்னக் காரை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். பானெட்டைத் திறந்ததுமே குப்பென்று நாற்றம் அடித்தது. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதாம், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டுமாம்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். சென்சார் துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துத் திருப்பியதில் கழன்று கையோடு வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. அதன் ஒயர்தான், கருமம், விரலெல்லாம் பிசுபிசுத்தது.

"இன்னாங்க இது?"

"போன மாசம் எலி கடிச்சிடுச்சிப்பா. நான்தான் தறியில அறுந்த பாவு நூலைப் பிணைக்கிற மாதிரி முறுக்கி, மேல பட்டு இழை சுத்தி, கஞ்சி போட்டேன்" என்றார், முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டுகிறவர் போல.

"டேப்பு சுத்தத் தெரியாதா உங்களுக்கு? சோத்துக் கஞ்சியைத் தடவி வச்சா எலி வராம இன்னா பண்ணும்?"

"நாப்பது வருசமா தறியில குந்திகினு இருக்கேன். நான் போட்ட பிணைப்பு அவுந்ததே இல்ல, தெரியுமா?"

ஒயரை வெடுக்கென்று இழுத்தேன். அவர் சொன்னது உண்மைதான். பிணைப்பு இழை பிசகாமல் இருந்தது. அதற்கு அப்பால்தான் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. பட்டு இழையில் பல் சிக்கி அங்கேயே செத்து அழுகிய அந்த எலி, பிணைப்பிலிருந்து விழாமல் என் கையில் தொங்கியது.