நல்ல காலுக்கு ஒரு கட்டு

பந்தயக் குதிரை சீமாட்டியின் கால்களில் ஒரு பழுதும் கிடையாது. அப்படியிருந்தும் பந்தயத்துக்கு முந்தைய பத்து நாளும் அவளுடைய இடது முன்னங்காலில் தடியாக ஒரு கட்டு இருந்தது. காலைப் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் அவளை எல்லாரும் பார்க்கிற குழாயடியில் நிறுத்தி, அந்தக் காலின்மேல் அரைமணி நேரம் தண்ணீர் விடுவார். முகத்தை வேறு துக்க வீட்டுக்கு வந்தவர்போல வைத்துக்கொள்வார். பக்கத்துக் கொட்டில்காரர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கூத்தெல்லாம் விதிக்குப் பயந்துதான். சீசன் கடைசியில் நடக்கிற பெரிய பந்தயத்துக்குப் பேர் கொடுக்க, அந்த சீசனில் ஒரு வெற்றியாவது இருக்க வேண்டும். சீமாட்டி நாலு தடவை இரண்டாவதாக வந்திருந்தாள். அவள் ஓடுகிற தூரத்துக்கு மிச்சமிருந்தது ஒரே பந்தயம். அதுவோ விலை எழுதிய பந்தயம். அதில் ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை போட்டிருப்பார்கள். உரிமையாளர் லைசென்ஸ் உள்ள யாரும் அந்த விலையைக் கட்டி, ஓட்டத்துக்குக் கால்மணி முன்புவரை பூட்டிய பெட்டியில் சீட்டுப் போடலாம். கதவு திறந்து குதிரை பாய்ந்த நொடியிலிருந்து அது சீட்டுப் போட்டவருக்குச் சொந்தம். பழைய சொந்தக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியாது; ஓடி முடித்த குதிரையை டாக்டர் நொண்டி என்று எழுதினால்தான் சீட்டு செல்லாமல் போகும். பேர் கொடுக்கும்போதே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.

நொண்டிக் குதிரைக்கு எவன் சீட்டுப் போடுவான்? அதற்குத்தான் கட்டு. லாயத்தில் பாதிப் பேர் செய்கிற வேலைதான், அதனால் பயிற்சியாளருக்கு வெட்கமும் இல்லை. கொட்டிலில் ஒன்பது குதிரைகள் நின்றாலும் எட்டு ஊரார் பிள்ளைகள். அவருடையது என்று சொல்ல சீமாட்டி ஒருத்திதான். பால்குடி மறந்த வாரத்தில் வந்தவள். காய்ச்சல் கண்டபோதெல்லாம் அவள் பக்கத்தில் வைக்கோலில் படுத்துக் கிடந்திருக்கிறார்.

காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிற லாடக்காரரிடம் மட்டும் இந்தப் பொய் செல்லாது. லாடக்காரர் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வைத்ததை இவர் எங்கே காதில் வாங்கினார்?

"யாரு கேட்டாலும் நரம்பு வீக்கம்னு சொல்லிடுங்க மச்சான்."

"சொல்லிட்டாப் போச்சு மாப்பிள்ளை. நீங்க கட்டியிருக்கிற அழகைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

பந்தயத்தில் சீமாட்டி மற்றவற்றைப் பின்னால் புழுதி தின்ன விட்டுவிட்டு வந்தாள். பயிற்சியாளர் வேட்டுப் போடாத குறை. ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தபோது பந்தய அலுவலக எழுத்தர் ஒரு தாளை நீட்டினார்.

"ஒரு சீட்டு விழுந்திருக்கு சார். குதிரையை டாக்டர்கிட்ட கொண்டுவரச் சொல்றாங்க."

தாளில் மச்சானுடைய பேர் இருந்தது. எழுத்தர் ஏதோ குளறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். லாடக்காரருக்கு உரிமையாளர் லைசென்ஸ் எங்கிருந்து வரும்? பிறகுதான் உறைத்தது. லைசென்ஸ் கேட்பவர் நாணயமானவர் என்று ஒரு பயிற்சியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். "சும்மா பேருக்கு ஒண்ணு இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று இரண்டு மாதம் முன்னால் மச்சான் கேட்டார். இவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

மருத்துவக் கொட்டகையில் மச்சான் புதுக் கயிற்றோடு நின்றிருந்தார். டாக்டர் ஓட்டத்துக்கென்று போட்டிருந்த மெல்லிய கட்டை அவிழ்த்து, காலை அமுக்கிப் பார்த்தார்.

"வெளிய ஒண்ணும் தெரியல. உள்வலி ஏதாவது இருக்கா? இருக்குன்னு சொன்னீங்கன்னா சீட்டு செல்லாது, குதிரை உங்ககிட்டயே இருக்கும். ஆனா அவ புத்தகத்துல நொண்டின்னு எழுதிடுவேன்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சீமாட்டி தன் கொட்டிலுக்கே திரும்பிவிடுவாள். ஆனால் நொண்டி என்று ஒருமுறை ஏறிவிட்டால் அவளை எந்தப் பந்தயத்திலும் சேர்க்கமாட்டார்கள். இப்போதுதான் ஜெயித்து வந்தவள், வியர்வைகூடக் காயவில்லை. பயிற்சியாளர் மச்சானைப் பார்த்தார். அந்த முகத்தில் துளிப் பதற்றம் இல்லை. இந்த மனுஷன் அவளை நொண்டி என்று சொல்லமாட்டான் என்று மச்சான் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"கால் நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் மச்சான்?"

"எவனோ கொண்டுபோறதுக்கு, நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க பேரை வாபஸ் வாங்கியிருப்பீங்க." மச்சான் கயிற்றைச் சரிசெய்தார். "எதிர் வரிசைக் கொட்டில்ல பேசி முடிச்சாச்சு. பெரிய பந்தயத்துல அவங்க பயிற்சியிலதான் ஓடுவா."

பயிற்சியாளர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்தார். விதிப்படி பழைய கயிற்றை அவர் கையாலேயே அவிழ்க்க வேண்டியிருந்தது. சீமாட்டி முன்கோபக்காரி, அந்நியர் பிடித்தால் கடித்து வைப்பாள். கடிக்கட்டும், தோளில் ஒரு பிடி சதையை எடுக்கட்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார்.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். சீமாட்டி அவரை முகர்ந்து பார்த்தாள். பிறகு, லாடம் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, தானாகவே காலைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.