சரோஜம்மாவுக்கு வந்த நிம்மதி

பாக்கியலக்ஷ்மியின் ரவிக்கையை மூன்றாவது தடவையாகப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தபோது, பக்கவாட்டில் விடுவதற்குத் துணியே மிச்சமில்லை. சரோஜம்மா ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை தன் வயிற்றில் போய் நின்றதைப் பாக்கியம் கவனித்தாள்.

அது 1961. அவள் அப்பா சங்கரலிங்கம் கொச்சியில் மட்டாஞ்சேரி முனிசிபாலிட்டியில் குழாய் ஃபிட்டர். சரோஜம்மா பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த சந்தின் தமிழ்க் குடும்பங்களில் காலேஜ் படி ஏறிய முதல் பெண் அவர்கள் மகள்தான். தினமும் படகுத்துறையில் மோட்டார் போட்டில் ஏறி எறணாகுளம் போய் பி.ஏ. படித்தாள். முதல் வருஷம் துணைக்கு ஜுமைலா இருந்தாள், ராவுத்தர் துணிக்கடைக்காரரின் பெண். பரீட்சை முடிந்த மறுவாரமே அவளைப் பாலக்காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வருஷம் பாக்கியம் போட்டில் தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி போனாள்.

அது எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஜுமைலா போனதால்தான் என்றும் இல்லை. காலையில் கண் விழித்ததுமே உடம்பு நனைந்த சாக்கு மாதிரிக் கனத்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் ஒரு வரி நிற்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் திடுக்கிட்டாள். நாலரை மணிக்கு வீடு வந்தால் ஆறு மணி வரைக்கும் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பானையில் இருந்த பழைய சோற்றை, வேகவைத்து வைத்த கப்பைக் கிழங்கை, டப்பாவில் இருந்த வெல்லத்தைத் தின்றாள். பசி இல்லை. தின்றுகொண்டிருக்கும்வரை வேறு எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று படுத்துக்கொள்வாள்.

சும்மா இருந்துவிடவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தாள். கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் குடித்தாள். வீட்டுக்கு வராமல் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். பதினோரு நாள் அப்படி நடந்தாள். பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்று வெல்ல டப்பா காலியானது. அதன்பிறகு நடக்கவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு ராக்கம்மாள், காலேஜ் தண்ணி நல்லா ஒத்துக்கொண்டதுபோல என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து பாக்கியம் தண்ணீர் எடுக்கப் போவதையும் விட்டாள்.

ஒற்றை அறை வீட்டில் எதுவும் மறையாது. மகள் ராத்திரி சாப்பிடுவதில்லை, ஆனால் ஊதிக்கொண்டே போகிறாள், காலையில் எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள், யாரோடும் பேச்சில்லை. இதையெல்லாம்விட, கொல்லைக் கொடியில் மூன்று மாதமாகத் தீட்டுத்துணி காயவில்லை. சரோஜம்மா அதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ரவிக்கை பிரித்த மறுநாள், சங்கரலிங்கம் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினாள்.

"பாக்கியம், எங்கிட்ட மறைக்காத. யாரு?"

"யாரும்மா?"

"போட்டுல கூட வர்றவனா?"

அப்போதுதான் புரிந்தது. பாக்கியத்துக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அம்மா தன்னைக் கவனித்துப் பார்த்தது இதற்காகத்தானா என்று தோன்றியது. ஆனாலும், கேட்பதற்கு ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எனக்கு எதுவுமே பிடிக்கல. எந்திரிக்கவே பிடிக்கல."

"பிடிக்காம போறதுக்கு என்ன இருக்கு? நாங்க என்ன குறை வச்சோம்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சனிக்கிழமை கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு அவளைத் தோப்பும்படிக்குக் கூட்டிப்போனாள். மட்டாஞ்சேரியில் லேடி டாக்டரிடம் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். டாக்டர் கமலாக்ஷி சரோஜம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பெண்ணை மட்டும் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் படுக்கவைத்தார். பாக்கியம் மேலே ஓட்டில் இருந்த கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் டாக்டர் கையைக் கழுவியபடி மலையாளத்தில் கேட்டார். தூக்கம் வருகிறதா, அடிக்கடி அழுகை வருகிறதா, மனசுக்கு ஏதாவது வருத்தமா என்று. குரல் நல்ல குரல். பாக்கியம் வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடினாள். அதற்குள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"டாக்டரம்மா, எத்தர மாசம்?"

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு போனார். ஒன்றுமே இல்லை, பெண் சுத்தமாக இருக்கிறாள், ரத்தம் குறைவு, மாதவிடாய் முறைதவறுவது இந்த வயதில் உண்டு என்றார். ஒரு டானிக் எழுதினார். சாப்பாட்டைக் குறைத்து நன்றாக நடக்கச் சொன்னார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தெருவுக்கு வந்ததும் சரோஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். மகளின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடக்கினாள். எதிரிலிருந்த சாயாக்கடைக்கு இழுத்துப்போய், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் சாயாவும் வாங்கிக்கொடுத்தாள்.

"தின்னுடி. என் வயித்துல பால வாத்தே."

பாக்கியம் தின்றாள். அம்மாவின் முகம் அவ்வளவு மலர்ந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்துவிட்டது, இனி யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. இரண்டாவது பழம்பொரியையும் எடுத்துத் தின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலேஜுக்குப் போகவில்லை. பிறகு வாரத்தில் இரண்டு நாள் போனாள். பிறகு அதுவும் இல்லை. வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்று சங்கரலிங்கத்துக்குக் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவளையே படித்துச் சொல்லச் சொன்னார். அவள் ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னாள். அவர் கடிதத்தை வாங்கி மடித்துவைத்தார்.

"போகணும்னு இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு மோளே."

போகவேண்டும் என்றுதான் இருந்தது. போய் உட்கார முடியவில்லை என்பதும் உண்மையாக இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் சட்டையை மாட்டி வெளியே போனார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மழைக்காலம் முடிந்ததும் சரோஜம்மா அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்தால் இன்னும் பருத்துப்போவாள் என்று காரணம் சொன்னாள். சுக்குத்தூசி மூக்கில் ஏறியது. முறத்தை மடியில் வைத்துப் பொடியும் புழுத்ததும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். கை ஒரு நாளில் பழகிவிட்டது. பக்கத்தில் வைப்பின் தீவிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதியவளாயிற்றே என்று எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டாள்.

"பத்து," என்றாள் பாக்கியம்.

அது போதும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தன் முறத்தைத் தட்டினாள். பாக்கியம் அடுத்த கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.