ஆள் இல்லாத பாதைகள்

டர்பன்டைனில் நனைத்த துணியால் இறந்துகிடந்த அண்ணன் எவரிஸ்த்தின் வலது கையை மூன்றாவது முறையாகத் தேய்த்தாள் ஒதீல். நகக்கண்ணில் இருந்த பச்சை வண்ணம் போவதாக இல்லை. முப்பது வருஷம் அண்ணனுக்குச் சமைத்து, துவைத்து, வரையும் சட்டங்களைச் சுமந்து ஆற்றங்கரைக்கு உடன் போன தங்கை. இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்தது இன்றைக்குத்தான்.

பாதிரியார் மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பாரிஸிலிருந்து ஓவிய வியாபாரி திபெர்ழ் காலை ரயிலுக்கே வந்து இறங்கிவிட்டார். சாவுச் செய்தி முதலில் எட்டுவது சொந்தக்காரர்களை அல்ல, சரக்குப் பிடிப்பவர்களைத்தான். கறுப்புக் கோட்டு, அதற்குப் பொருத்தமான முகம், பையில் அளவுநாடா.

சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த தச்சன் ஃபிர்மேன் தன் நாடாவை மறந்துவிட்டிருந்தான். வியாபாரியிடம் இரவல் வாங்கி எவரிஸ்த்தை அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதே நாடாவால் திபெர்ழ் சுவரோரம் அடுக்கியிருந்த ஓவியங்களை அளக்கத் தொடங்கினார்.

"நானும் நீளத்துக்குத்தான் காசு வாங்குறேன் முசியே," என்றான் தச்சன். "ஆனா என் சரக்கை வாங்கினவன் யாரும் திருப்பி விக்கிறதில்ல."

அவன் போனபின் வீட்டில் நாடாவின் சத்தம் மட்டும் இருந்தது.

நாற்பத்து மூன்று ஓவியங்கள். விடியல், மூடுபனி, பாப்ளர் மரங்கள், ஆற்றோரமாக வளைந்து போகும் மண்பாதை. ஒன்றிலும் மனிதவாடை கிடையாது. ஆள் வந்தால் பாதை செத்துவிடும் என்பது எவரிஸ்த்தின் கட்சி. சந்தையின் கட்சி வேறு.

"நேத்து வரைக்கும் இது ஒண்ணு இருபது பிராங்க்," என்றார் திபெர்ழ். "இனிமே அவர் வரையப் போறதில்ல, அதனால நாப்பது. ஒரே ஒரு ஆளு இருந்திருந்தா எண்பது. நம்ம பாரிஸ் அம்மாமாருங்க இதை சோபாவுக்கு மேல மாட்டணும் பாருங்க. ஆளில்லாத பாதையைப் பாத்தா, யாரோ விட்டுட்டுப் போன மாதிரி இருக்காம்."

ஒதீல் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பதுக்குப் போனால் இந்த வீட்டில் இருக்க முடியாது. சித்தப்பா மகன் ஏற்கெனவே எழுதியிருந்தான்: அவன் வீட்டுச் சமையலறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம்.

திபெர்ழ் ஒரு ஓவியத்தை ஜன்னலருகே கொண்டுபோய், ஜவுளிக்காரன் துணியில் ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் தடவினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அவர் முகத்திலிருந்து துக்கம் மெல்லக் கழன்றது.

"மத்மசெல், இங்க வாங்க."

பாப்ளர் மரத்தடியில், பாதையின் நிறத்துக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஒரு மேடு. தோள், பாவாடை, தலையில் கட்டிய துணி.

"ஒரு பொம்பளை. வரைஞ்சு, காயவிட்டு, மேல பூசியிருக்கார். யார் இது?"

"நான்தான்."

விடிகாலைதோறும் அண்ணன் சொல்வான்: "ஒதீல், அந்த மரத்தடியில போய் நில்லு." நிற்பாள். கால் மரத்துப்போகும் நேரத்தில் கையை வீசுவான்: "போதும், விலகு." மரத்தின் உயரத்தை அளக்கத் தன்னைக் கோலாக வைக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"எத்தனையில இருக்கேன்?"

"பாத்த வரைக்கும் எல்லாத்துலயும்."

"ஒண்ணுலயாவது மூடாம விட்டிருக்காரா?"

திபெர்ழ் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். "இல்ல, மத்மசெல்."

அடுப்பில் வைத்த சூப் பொங்கி வழிந்தது. ஒதீல் போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"மேல்பூச்சு மெல்லிசுதான்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "என் ஆள் பக்குவமா எடுத்துடுவான். நீங்க சரின்னா எண்பது. அண்ணனுக்குப் பிடிச்சிருக்காதுதான், எனக்கும் தெரியும்..."

ஒதீல் உடல் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். அண்ணன் முகத்தில் எப்போதும்போல எந்த அபிப்பிராயமும் இல்லை.

"நூறு," என்றாள்.

"என்ன?"

"முப்பது வருஷம் பனியில நின்னது நான். நூறு."

"நீங்க சந்தையில முட்டை விக்கிறவங்கன்னு மறந்துட்டேன்," என்று சிரித்தார் திபெர்ழ். "சரி, நூறே தர்றேன். ஆனா தலைத்துணிக்கு மேல கொஞ்சம் சிவப்பு வைப்பேன். சிவப்புதான் விக்கும்."

"நான் சிவப்புக் கட்டினதே இல்ல. சாம்பல்தான்."

"அப்ப தொண்ணூறு."

"தொண்ணூறு," என்றாள் ஒதீல். கையை நீட்டினாள். அதில் டர்பன்டைன் வாடை இருந்தது.

அடக்கம் சீக்கிரமே முடிந்தது. வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களும் கல்லறை வாசலிலேயே பிரிந்தார்கள். சித்தப்பா மகனிடம், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னாள்.

ஆற்றோரப் பாதையில் தனியாகத் திரும்பினாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பாப்ளர் மரத்தடிக்கு வந்ததும் கால்கள் பழக்கத்தில் தாமாக நின்றன. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பினாள்.

வெகுநேரம் நின்றாள். விலகு என்று யாரும் சொல்லவில்லை.