கருநாரை வருவதற்கு முன்

1

இந்தக் கதை ஒரு டீக்கடையில் கிடைத்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கடைக்காரர் சாலையின் இரண்டு ஓரத்தையும் காட்டினார். இந்தப் பக்கம் உரக்கடை, அந்தப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ. இரண்டு முதலாளிகளும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்களாம். போன வருஷத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வரப்புத் தகராறா, கோயில் மரியாதையா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல சார். ஒரு நாரைக்கு” என்றார்.

டீ மூக்கில் ஏறிவிட்டது. அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. உரக்கடைக்காரருக்கு ஸ்ரீபால் என்று பெயர் வைத்தேன், ஸ்டுடியோக்காரருக்கு ஜெயராமன். பறவைகளைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது காக்கா, குருவி, கோழிக்குழம்பு. மீதியை இந்தக் கதைக்காகக் கற்றுக்கொண்டேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதி அடித்தவை இதோ:

[பனமலை ஏரியில் மாசி மாதத்துப் பொழுது மெல்லச் சாய்ந்து — வேண்டாம். ஏரி என்று எழுதினாலே பொழுது சாய்ந்தாக வேண்டுமா?]

[ராஜகிரிக் கோட்டை உச்சியில் வல்லூறு ஒன்று வட்டமிட்டது. கீழே பஜாரில் — இதுவும் வேண்டாம். கோட்டையை எல்லாரும் காட்டிவிட்டார்கள்.]

[ஸ்ரீபால் பொறாமைக்காரன் அல்ல. — முதல் வரியிலேயே பொய்.]

இந்த மூன்றாவதை அடித்த பிறகும் மனசு கேட்கவில்லை. அப்படியே கிடக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஐம்பது தாண்டிய மனிதரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நான் உண்டாக்கின ஆள், என்னிடம் மாட்டிக்கொண்ட ஆள். அவன் என்றே எழுதுகிறேன்.

3

கார்த்திகையில் வருகிற விருந்தாளிப் பறவைகள் பங்குனி வெயிலுக்கு முன் வடக்கே கிளம்பிவிடும். மாசியில் ஏரி வற்றித் தண்ணீர் நடுவே ஒடுங்கும். அந்த நேரத்தில்தான் கிளம்புகிற கூட்டத்தோடு யாரும் எதிர்பாராத புது முகம் ஒன்றிரண்டு இறங்கும். அதற்காகவே மாசி ஞாயிறுகளில் ஸ்ரீபாலும் ஜெயராமனும் ஒரே பைக்கில் பனமலைக்குப் போவார்கள். ஜெயராமன் கேமரா, ஸ்ரீபால் பைனாகுலர்.

வட்டாரத்துப் பறவை ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அட்மின் ஸ்ரீபால். மாசிக் கடைசியில் அந்தப் பருவத்துப் பறவைப் பட்டியலை அவன்தான் போடுவான். சாதாரணப் பறவைக்கு வாய்ச்சொல் போதும். அபூர்வமானது என்றால் போட்டோ வேண்டும், இல்லாவிட்டால் கூட ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இது அவன் வைத்த சட்டம். அவன் பார்த்ததற்கு ஜெயராமன் சாட்சி, ஜெயராமன் பார்த்ததற்கு அவன் சாட்சி. அதனால் சட்டம் அவர்களை ஒரு நாளும் கடித்ததில்லை.

ஆனால் ஸ்ரீபால் நயினார் வீட்டுப் பிள்ளை.* ஜைனர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. பனமலையிலிருந்து செஞ்சிக்கு வந்து, கைகால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார வேண்டும் என்றால் வெயில் நன்றாக இருக்கும்போதே கிளம்ப வேண்டும். பறவைகள் அடைய வருவது அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷப் பறவை பார்த்தலில் ஏரிக்கு அவை திரும்பி வருவதை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

(* கட்டுச்சோறு கொண்டுவந்து கரையிலேயே வெளிச்சத்தில் தின்றுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெயராமன் நூறு தடவை கேட்டான். ஸ்ரீபாலுக்கு ரசம் சுடச்சுட இருக்க வேண்டும். தர்மத்தின் மேல் பழி போடாதீர்கள், நாக்குதான் காரணம்.)

போன வருஷம் அந்த ஞாயிறு ஜெயராமனின் மச்சான் காதுகுத்து வீட்டுக்குக் கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஜெயராமன் வெறுங்கையோடு, அன்று மட்டும் தன் பைக்கில் வந்தான். ஸ்ரீபால் வழக்கம் போல வெயிலோடு கிளம்பினான். “இன்னும் கொஞ்ச நேரம் இர்றா, இன்னா கொள்ளை போவுது?” என்று ஜெயராமன் கேட்டதற்கு, வீட்டில் பெண்டாட்டி ஹேமா உலையை இறக்கியிருப்பாள் என்றான்.

வீட்டில் ரசம் சாதத்தில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது.

“சீபாலு, கருநாரைடா. கழுத்து முழுக்கக் கறுப்பு, வயிறு மட்டும் வெள்ள. மூக்கும் காலும் செவசெவன்னு இருக்குது. வெண்கழுத்து நாரை இல்லடா. நீ போனதும் எறங்கிச்சு. போன்ல எடுத்தேன், தூரத்துல ஒண்ணும் வுழல.”

அந்தப் பக்கம் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தான் ஜெயராமன். இந்தப் பக்கம் ஸ்ரீபால் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிட்டான். நம் பக்கம் அடிக்கடி காண்கிற வெண்கழுத்து நாரைக்குக் கழுத்து பஞ்சு வைத்தாற்போல வெளுப்பாக இருக்கும். அதையும் கருநாரையையும் குழப்பிக்கொள்ள ஜெயராமன் நேற்றுப் பிறந்தவன் அல்ல. கருநாரை செஞ்சிப் பக்கம் வந்ததாக இவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. சாகும் முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி வைத்திருந்த பறவை.

மறுநாள் கடையைத் திறக்காமல் விடியலிலேயே இருவரும் ஓடினார்கள். பறவை இல்லை. ஜெயராமன் சேற்றில் இறங்கி, இங்கே நின்றது, இப்படித் திரும்பியது, இந்தப் பக்கம் எழும்பியது என்று நடந்தே காட்டினான். ஸ்ரீபால் கரையை விட்டு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் குரூப்பில் எழுதினான்: ‘வெண்கழுத்து நாரையாக இருக்கலாம். ஆதாரம் இல்லாததால் பட்டியலில் சேர்க்கவில்லை.’

கீழே யாரோ, ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணனிடமே போட்டோ இல்லையா என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. வரிசையாகப் பொம்மைகள் விழுந்தன.

ஸ்ரீபாலும் ஒன்று போட்டான்.

4

இந்த இடத்தில் நானும் ஸ்ரீபாலும் சண்டை போட்டுக்கொண்டோம். எழுத்தாளன் பாத்திரத்தோடு சண்டை போடுவது பைத்தியக்காரத்தனம், தெரியும். ஆனால் அவன் விடமாட்டேன் என்கிறான்.

சட்டம் சட்டம்தான் என்கிறான். சிநேகிதனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்கிறான். ஜெயராமன் கொஞ்சம் அளக்கிறவன்தான் என்கிறான். அனந்தபுரத்துக் கிணற்றில் மாட்டை விழுங்கின பாம்பைப் பார்த்ததாகச் சொன்னவன் அவன். எல்லாம் சரி.

அந்தப் பொம்மை எதற்கு என்று கேட்டேன். மறுபடியும் சட்டம் என்று ஆரம்பித்தான்.

எறும்பு மேல் கால் படாமல் நடக்கிற வம்சம். சட்டம் சேர்க்காதே என்றுதான் சொன்னது, சிரி என்று சொல்லவில்லை. நாற்பது வருஷ சிநேகிதன் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது, தான் பார்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் அவன் கண்ணையே ஊர் நடுவில் பொய்யாக்கினான். அது தப்பு என்று அன்று ராத்திரியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அழித்துவிடலாம் என்று போனை எடுத்தான். ஜெயராமன் பார்த்துவிட்டதைக் காட்டும் நீலக் குறி விழுந்திருந்தது. மறுநாள் ஜெயராமன் குரூப்பை விட்டுப் போனான்.

[அதற்குப் பிறகு அவன் ஸ்டுடியோவைத் தாண்டும்போதெல்லாம் — தாண்டுவதில்லை. சந்து வழியாகச் சுற்றிப் போகிறான். நாட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதை கேட்டு வருகிறவர்கள் கடையை மாற்றிவிட்டீர்களா என்று கேட்கும் அளவுக்கு, கல்லாவைக்கூட ஸ்டுடியோ கண்ணில் படாத மூலைக்குத் திருப்பிப் போட்டுவிட்டான்.]

5

முடிவுகள்.

(அ) ஜெயராமனுக்கு மாரடைப்பு. ஸ்ரீபால் மாலையோடு வருகிறான், கதறுகிறான். இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஆளைச் சாகடித்து மன்னிப்பு வாங்கித் தருவது மலிவான வேலை. ஜெயராமன் உயிரோடு இருக்கிறான். கிழித்துப் போட்டேன்.

(ஆ) அடுத்த மாசியில் பறவை திரும்பி வருகிறது. ஸ்ரீபால் பார்த்துவிடுகிறான், புதிதாக வாங்கின கேமராவில் படமும் எடுத்துவிடுகிறான். மறுநாள் காலையில் ஸ்டுடியோ படியேறுகிறான். போன வருஷப் பட்டியலைத் திருத்தி, ‘முதலில் பார்த்தவர் ஜெயராமன்’ என்று போட்டுவிடுவதாகச் சொல்லப்போகிறான். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழகாக வந்துகொண்டிருந்தது, ஜெயராமன் வாயைத் திறக்கும் வரை.

“வாங்க நயினாரே. உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸா?”

அரை டிராயர் போட்ட நாளிலிருந்து சீபாலு, வாடா, போடா என்றே கூப்பிட்ட வாய். அந்த ‘வாங்க’ ஸ்ரீபாலை அறைந்தது. உட்காராமல் கேமராவை நீட்டினான். ஜெயராமன் படத்தைப் பார்த்தான். நன்றாக வந்திருக்கிறது, வெளிச்சம் போதவில்லை, மற்றபடி குறை இல்லை என்றான். திருத்தம் போடுவதைப் பற்றி ஸ்ரீபால் மென்று விழுங்கிச் சொன்னான்.

“இப்ப நீ பாத்துட்ட. அதனால என்னுது நெஜமாயிடுச்சா?” என்றான் ஜெயராமன். “உன் கண்ணு பாத்தாத்தான் என் கண்ணுக்கு மதிப்புன்னா, இத்தினி வருசம் இன்னாத்துக்குடா சாட்சி போட்டோம்?”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண்ணால் கண்ட பிறகு கும்பிட்டாலும் செல்லவில்லை. நம்பியிருந்தால் பார்க்கும் முன்பு நம்பியிருக்க வேண்டும். பார்த்த பிறகு எவன்தான் நம்பமாட்டான்? ஸ்ரீபால் கேமராவை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். எனக்கு அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை, அந்தப் பக்கங்களையும் எடுத்துவிட்டேன்.

6

ஆகவே இப்படி.

இந்த வருஷ மாசி. பனமலை ஏரிக்கரையில் ஸ்ரீபால் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஹேமா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை வெளிச்சத்திலேயே தின்று, கை கழுவி, டப்பாவை மூடிவிட்டான். சோறு ஆறித்தான் இருந்தது. ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

முதன்முறையாக அவன் பறவைகள் அடைய வருவதைப் பார்க்கிறான். கொக்குகள் கூட்டமாக வந்து கருவேல மரத்தில் இடம் பிடித்துச் சண்டை போடுகின்றன. நீர்க்காகங்கள் தண்ணீரை ஒட்டிப் பறந்து வருகின்றன. அடப்பாவி, இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டா ரசத்துக்கு ஓடினேன் என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். “பார்றா அங்க” என்று சொல்லக் கை தானாகப் பக்கத்தில் நீள்கிறது. பக்கத்தில் டப்பா மட்டும் இருக்கிறது.

போன் சட்டைப்பையில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று ஒரு வருஷமாக அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் சின்னதுதான்: ‘நீ பாத்தது கருநாரைதான்டா.’ அதைச் சொல்ல அவன் இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து, அதைச் சொல்வதற்கு ஏற்ற நேரம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் பறவை வந்துகொண்டிருக்கிறது. நான்தானே அனுப்பியிருக்கிறேன். ஏரியை ஒட்டிய கோயில் குன்றைச் சுற்றிக்கொண்டு அடுத்த பத்தியில் இறங்க வேண்டும். இறங்கினால் அவன் பார்த்துவிடுவான். பார்த்துவிட்டால் அந்த ஸ்டுடியோ படிதான், அந்த ‘வாங்க’தான். அதனால் அந்தப் பத்தியை நான் எழுதப்போவதில்லை. பறவையைக் குன்றுக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். என்னால் ஆன உதவி இவ்வளவுதான்.

போனை எடுப்பானா? எடுக்கமாட்டான் என்றுதான் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், வந்தாலும் வரும் என்று குன்றின் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான், பாவி. நீங்கள் வேண்டுமானால் எடுக்க வையுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். போன மாசியில் ஜெயராமன் பார்த்தது கருநாரைதானா? போட்டோ கிடையாது. சாட்சி சாப்பிடப் போய்விட்டான். அவன் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது.

சீக்கிரம் சொல்லுங்கள், இருட்டிக்கொண்டு வருகிறது.