ஐம்பத்தைந்தாவது நிமிடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. இங்கே ஆர்ட்மோர் துறை என்ற கடலோர ஊரின் நகர மன்றத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் 1836இன் வாக்குப் பதிவேடு திறந்து கிடக்கிறது. ரகசிய வாக்கு இல்லாத காலம்; வாக்குப்பதிவு பல நாள் நடக்கும். மேடையேறி, ஊர் கேட்க, வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். எழுத்தர் நேரத்தோடு குறித்துக்கொள்வார். நான்காம் நாள் பக்கத்தில் முதல் ஆறு பெயர்களுக்கும் இடையே ஐம்பத்தைந்து ஐம்பத்தைந்து நிமிடம். கடிகாரம் பார்த்து இப்படி யார் வாக்களிப்பார்கள்?

2

‘மூடுபனி கடலின் மேல் மெல்ல’ —

வேண்டாம். நான் எழுதும் எல்லாக் கதையும் மூடுபனியில்தான் தொடங்குகிறது. (ஆனால் மூடுபனி இருக்கும். அதுதான் வில்லன்.)

‘ஈபன் கிரெய்க் அஞ்சாதவன், அப்பழுக்கற்ற’ —

இதையும் அடித்துவிட்டேன். முதல் வரைவில் அவனைப் புனிதனாக்கியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

சரி, நேராகவே சொல்கிறேன். ஈபன் ‘கரைக்குரல்’ என்ற வாரப் பத்திரிகை நடத்தியவன். ஆளுநர் நியமித்த சபை மூடிய கதவுக்குள் கூடியே மாகாணத்தை ஆண்டது. கதவைத் திற என்று பதினோரு ஆண்டு எழுதினான். திறக்கவில்லை. கடைசியில், மக்கள் வாக்களிக்கும் அவைக்கான தேர்தலில் தானே நின்றுவிட்டான். எதிரே அந்தச் சபையின் ஆள், கர்னல் பின்சென்ட்.

மூன்றாம் நாள் மாலை கர்னல் பதினாறு வாக்கு முன்னால். ஈபனுக்கு வர வேண்டிய முப்பத்திரண்டு மீனவர்கள் மூடுபனியால் தீவில் சிக்கியிருந்தார்கள். விதி இது: ஒரு மணி நேரம் யாரும் வாக்களிக்காவிட்டால், தேர்தலை நடத்தும் அதிகாரியான ஷெரிப் அதை முடித்துவிடலாம். கர்னலின் ஆட்கள் எல்லோரும் வாக்களித்தாகிவிட்டது. ஈபன் பக்கம் மிச்சம் ஆறே பேர். அந்த ஆறு பேரைக் கொண்டு படகுகள் வரும்வரை மேடையைத் திறந்து வைக்க வேண்டும்.

3

பீப்பாய் செய்யும் ஜோத்தம் மூன்றாவதாக ஏறினார்.

“யோவ் ஜோத்தம், சட்டுனு சொல்லிட்டு எறங்குய்யா,” என்றார் ஷெரிப்.

“விரட்டாதீங்க. முழங்கால் வலி. படியை எண்ணிக்கிட்டே ஏறுறேன்.”

கர்னலின் ஆட்கள் கீழேயிருந்து கத்தினார்கள்: “தூக்கிட்டுப் போகட்டுமா பெருசு?”

“வேணாம்பா. கர்னலைத் தூக்கியே உங்க தோளெல்லாம் தேஞ்சு கெடக்கு!”

கூட்டம் சிரித்தது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஜோத்தம் ஈபனின் பெயரைச் சொன்னார்.

4

வாசகரே, ஒன்றை மறைத்துவிட்டேன். ஐந்து பேர் முடிந்ததும் மிஞ்சியவன் ஈபனேதான். முதல் நாள் கர்னல் தனக்குத்தானே வாக்களித்தபோது ஈபன் சிறப்புத் தாள் அடித்து எழுதியிருந்தான்: ‘தன் பெயரைத் தானே கூவுகிறவனுக்கு வேறு வாய் கிடைக்கவில்லை என்று பொருள்.’

“இன்னும் எட்டு நிமிஷம்தான்,” என்றாள் டோர்க்காஸ். அவன் மனைவி, பத்திரிகைக்கு அச்சுக் கோப்பவளும் அவளே.

“ஊரே சிரிக்கும், டோர்க்காஸ்.”

“சிரிக்கட்டுமே. அந்த வரியைக் கோத்தப்பவே வேணாம்னேன், கேட்டியா? எனக்கு ஓட்டு இருந்தா உன்கிட்ட கெஞ்சிக்கிட்டு நிப்பேனா? ஏறு மேல.”

(ஒரு வரைவில் அவன் ஏறவில்லை. கொள்கைக்காகத் தோற்றான். அழகான சோகம், இரண்டு வாரம் அதை நானே படித்துப் படித்து உருகினேன். பிறகு தீவில் காத்திருந்த முப்பத்திரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். கிழித்துவிட்டேன்.)

அவன் ஏறினான். கர்னலின் ஆட்கள் அந்த வரியைக் கோரஸாகப் பாடினார்கள். ஈபனின் காது சிவந்தது.

“எழுதினது நான்தான்! தப்பா எழுதிட்டேன். இந்த வாரமே திருத்தம் போடுறேன்.* என் ஓட்டு ஈபன் கிரெய்க்குக்கு!”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ஆனால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது. பத்து வாக்குதான் பின்னால்.

* பதினோரு ஆண்டில் ‘கரைக்குரல்’ போட்ட முதல் திருத்தம். (என் கற்பனைதான். போட்டிருப்பான் என்று நம்புகிறேன்.)

5

ஐம்பத்தோராவது நிமிடத்தில் கடலிலிருந்து ஊதல் கேட்டது. மூடுபனியில் படகுகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஊதும் தகர ஊதல். ஒன்று. பிறகு நான்கு. பிறகு எண்ண முடியவில்லை. பனி விலகவே இல்லை. அவர்கள்தான் அதற்குள் புகுந்து வந்துவிட்டார்கள்.

முதல் மீனவன் ஓடி வந்த வேகத்தில் படியிலேயே வழுக்கி விழுந்து, விழுந்தபடியே பெயரைக் கத்தினான்.

“மேடையில ஏறிச் சொல்லுய்யா!” என்றார் ஷெரிப். ஐம்பத்தெட்டாவது நிமிடம். எழுந்து ஏறிச் சொன்னான்.

பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். சமம்.

இதற்குக் கீழே பதிவேட்டில் ஈரம் பட்டு மை பரவிவிட்டது. நான் ஊகித்து எழுதலாம். எழுதமாட்டேன். பதினோராவது ஆளாக நிற்பது நீங்கள். உங்கள் காலணியில் கடல்நீர். பின்னால் இருபத்தொரு பேர் முண்டுகிறார்கள். கீழே டோர்க்காஸ் அண்ணாந்து பார்க்கிறாள். எழுத்தர் இறகை மையில் தோய்த்துவிட்டார்.

“யாருக்குய்யா?” என்கிறார் ஷெரிப்.

மனதுக்குள் சொன்னால் செல்லாது.