கதவை இழுத்த பிணம்

பேயைப் பார்த்து மூன்றாவது முறையாகவும் சிரித்தார்கள்.

பேய் முழுசாக வரக்கூட இல்லை. திரைச்சீலைக்குக் கீழே அதன் செருப்பு இரண்டும் தெரிந்தன, அவ்வளவுதான். தயாரிப்பாளர் படம் பார்க்கக் கூட்டிவந்த பன்னிரண்டு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பேய் கண்ணாமூச்சி ஆடுகிறதா என்று ஒருவர் கேட்டார். தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுக் காட்டும்போது இந்தக் காட்சி பயமுறுத்தவில்லை என்றால் படத்தை வேறு எடிட்டரிடம் கொடுத்துவிடப் போவதாக டைரக்டரிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார். எடிட்டர் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பறிகொடுத்தவனிடம் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

காட்சி பயமாக இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் சரியான இடத்தில் வெட்டினால் முதுகு சில்லிடும். இப்போது எதற்கும் சில்லிடவில்லை, எதற்கும் சிரிப்பும் வரவில்லை. எண்ணி எண்ணி வெட்டினான். இந்தப் படமும் கைவிட்டுப் போனால் காலையில் எழுந்து குளித்து எங்கே போவது என்று யோசித்தான். ஓர் இடமும் தோன்றவில்லை.

டைரக்டருக்கு இது முதல் படம். அவர் ஒரு ஜாம்பி படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காமெடிப் படம்தான் சார். ஆனா ஒரு இடத்துல தூக்கிவாரிப் போட்டுரும். எப்படிப் பண்ணாங்கன்னு பாருங்க."

பிணங்கள் எழுந்து நடமாடும் ஊரில் ஒரு பல் டாக்டரும், ஊசி போட்டதில் வாய் மரத்துப்போய்ப் பேச முடியாத அவருடைய நோயாளியும் தப்பி ஓடுகிற கதை. எடிட்டர் நான்கு முறை பார்த்தான். நோட்டுப் போட்டு எழுதினான். அந்த இடத்தில் இசை இல்லை. பட்டப்பகல் வெளிச்சம். ஷாட் நான்கு நொடி. தன் காட்சியிலும் இசையை எடுத்தான், வெளிச்சத்தைக் கூட்டினான், நான்கு நொடி வைத்தான். டைரக்டர் பார்த்துவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது செருப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தான். அவளைப் பாப்பா என்றே கூப்பிட்ட அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். வாரம் தவறாமல் கருவிப்பையோடு வந்து குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள் என்று எதையாவது சரிசெய்துவிட்டுப் போவான். நான்காவது மாதமே வீட்டில் பழுதான சாமான் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு, சரிசெய்ததையே மறுபடி சரிசெய்துகொண்டிருந்தான். அவள் இருந்தவரை இருவரும் ஒருவர் காலை ஒருவர் வாராமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். இப்போது, சாப்பிட்டீங்களா மாப்ள என்று மரியாதையாகக் கேட்பான். அந்த 'ங்க' காதில் விழும்போதெல்லாம் வீட்டில் ஆள் குறைந்தது தெரியும்.

எடிட்டர் ஐந்தாவது முறையாக அந்தப் படத்தைப் போட்டிருந்தான். மச்சான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கழுத்தில் டை கட்டிய ஒரு ஜாம்பி. அது கதவைத் தள்ளுகிறது. இழுத்தால் திறக்கிற கதவு. தள்ளுகிறது, முட்டுகிறது, நாலடி பின்னால் போய் ஓடிவந்து மோதிக் கீழே விழுகிறது.

"இவனை எனக்குத் தெரியும் மாப்ள" என்றான் மச்சான். "லிஃப்ட் வேலை செய்யலன்னு கூப்பிடுறவன்ல பாதிப் பேரு இவன்தான்."

ஜாம்பி மறுபடி மோதியது. இழுடா வெண்ண, இழுடா என்று மச்சான் அதற்கு வழி சொல்லிக் கொடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எடிட்டருக்குப் படம் மனப்பாடம். அவன் மச்சானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மெல்லத் தேய்ந்தது. வாய் மட்டும் இன்னும் மூடவில்லை. சரியாக அப்போது ஜாம்பி நின்றது. கைப்பிடியைப் பார்த்தது. இழுத்தது.

மச்சான் துள்ளிப் பின்னால் சாய்ந்தான். ஸ்க்ரூ டிரைவர் தரையில் உருண்டது. அவன் கை எடிட்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

நான்கு நொடியில் ஒன்றுமில்லை என்று எடிட்டருக்கு அப்போது புரிந்தது. சிரித்து முடித்தவனிடம் மூச்சு மிச்சம் இருக்காது. அடுத்து வருவதைத் தடுக்க அவனிடம் எதுவும் இருக்காது. அதை எழுதிக்கொள்ள நோட்டை எட்டினான். மச்சான் கையை விடவில்லை.

"பாப்பா போன அன்னிக்கு, போன் வந்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் மாப்ள. லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். மேலேந்து எவனோ என்னவோ சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் ஹலோன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லல."

அந்த போனைச் செய்தது எடிட்டர்தான்.

"கேட்டுச்சு மச்சான்" என்றான். "நீ சிரிச்சு முடிக்கட்டும்னுதான் கொஞ்சம் பொறுத்தேன்."

டிவியில் டாக்டரும் நோயாளியும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் எழுந்துபோய், ஒழுகாத குழாயைக் கழற்ற ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை எடிட்டர் கழித்துப்போட்ட ஷாட்டுகளைத் தேடினான். நாயகி திரைச்சீலையை விலக்குகிறாள். பின்னால் ஆள் இல்லை, வெறும் செருப்புதான் கிடக்கிறது. அதைப் பார்த்து, நடிப்பை மறந்து உண்மையாகவே சிரித்துவிடுகிறாள். வீண் என்று ஒதுக்கிய ஷாட் அது. அவன் அதை உள்ளே கொண்டுவந்தான். செருப்பில் நூல் கட்டி இழுத்து எடுத்த ஷாட்டை அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில் சத்தமில்லாமல் செருகினான்.

டைரக்டர் பதறிப்போனார். இது சீரியஸ் படம், நாயகியே சிரித்தால் மானம் போய்விடும் என்றார்.

"எப்படியும் சிரிக்கத்தான் போறாங்க. சிரிக்க விடுவோம் சார்."

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு புதிய ஆட்கள் வந்தார்கள். எடிட்டர் கடைசி வரிசையில், கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

செருப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். நாயகி திரைச்சீலையை விலக்கிச் சிரித்தபோது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இந்த முறை தயாரிப்பாளரும் தலையைப் பின்னால் சாய்த்துத் தொப்பை குலுங்கச் சிரித்தார். எடிட்டருக்கு எதிரே பன்னிரண்டு முதுகுகள் ஆடின. ஒன்றுக்கும் அடுத்து வருவது தெரியாது. இன்னும் இரண்டு நொடி இருந்தது.

அவனுக்கு முதுகு சில்லிட்டது. படத்தை நிறுத்திவிடலாம், பாவம் இவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று தோன்றியது. பொத்தானின் மேல் விரலை வைத்தான். அழுத்தவில்லை.

திரையில் இடது செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது.

யாரும் கத்தவில்லை. தயாரிப்பாளர் இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.